ருகாய் தூங்கினால் நாங்களும் தூங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இங்கே மொரிஷியஸ் தீவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கடலைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் எங்கள் முப்பதடிப் பாய்மரப் படகும், அதில் எங்களோடு வருகிற ருகாயும். ருகாய் எங்கள் நாய். தெருவில் குட்டியாகக் கிடைத்தபோது ருகாய் என்கிற நம் தக்காளிக் குழம்புச் சட்டியில் விழுந்து எழுந்த மாதிரி ஒரு நிறம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கத்து ரெயூனியன் தீவில் இந்த மாதிரிக் கலப்பு நாயை 'ருவாயால் புர்போன்' என்று ராஜ பட்டம் கட்டிக் கேலி செய்வார்கள். எங்கள் படகில் அந்தப் பட்டம் நிஜம். இரவு எங்கே தங்குவது என்று முடிவு செய்வது ருகாய்தான்.

அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால், ருகாய் வருவதற்கு முந்தைய ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

இடம் மேற்குக் கரையில் தமாரின் குடா. பிரெஞ்சில் புளி என்று பொருள். ஜூலை மாதம். வெளியே தென்கிழக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. தமாரினில் மலைகள் அதைத் தடுத்துவிட்டன, கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. காற்று மறைவு கிடைத்தாயிற்று, வேறென்ன வேண்டும் என்று நங்கூரம் பாய்ச்சினோம், சாப்பிட்டோம், படுத்தோம். பதினோரு மணிக்குப் படகு தாலாட்டியது. நள்ளிரவுக்கு மேல் அதைத் தாலாட்டு என்று சொல்ல முடியாது. அலமாரி திறந்து தட்டுகள் கீழே உருண்டன. பருப்புச் சட்டி கவிழ்ந்தது. மகள் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி இருட்டில் கேட்டாள்: "காத்தே இல்லையே, பின்ன எதுக்குங்க இப்படி ஆடுது?"

கணக்கு வாத்தியாருக்கு அன்று விடை தெரியவில்லை. கேள்வி சரியான கேள்வி.

நம் தீவுக்கு ரொம்பத் தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தென்கடலில் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருக்கும். நமக்கு அது தெரியாது. ஆனால் அது கிளப்பிய அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். நம் ஊர்க் காற்று எழுப்பும் அலை ஆறேழு வினாடிக்கு ஒன்று வரும். தொலைவிலிருந்து வருவது பன்னிரண்டு, பதினான்கு, சில நாள் பதினாறு வினாடிக்கு ஒன்று. பகலில் கண்ணுக்கே தெரியாது, கடல் மூச்சு விடுவது போல் இருக்கும். முனையில் முட்டி நிற்காது. முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வந்துவிடும். போதாததற்கு, தமாரினில் ஆற்று நீர் கலப்பதால் குடாவின் முகப்பில் அலையைத் தடுக்கும் பவளத் திட்டு வளரவில்லை. வாசல் இருக்கிறது, கதவு இல்லை. அலைச்சறுக்கு ஆடுகிற பையன்கள் எல்லாரும் அங்கே குவிவது அதனால்தான். அவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைச் சாயங்காலம் நானே வேடிக்கை பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

இன்னொன்று. காற்று இருந்தால் படகு தன் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, காற்றுக்கு நேரே பிடித்து நிற்கும். காற்று அறவே நின்றுவிட்டால் அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பிவிடும். அப்போதுதான் உருளும். ஆகவே சுத்தமாகக் காற்றில்லாத இரவு, திறந்த குடாவில், மிக மோசமான இரவு. பின்பக்கத்திலிருந்தும் ஒரு சின்ன நங்கூரம் போட்டு அணியத்தை அலை வரும் பக்கம் திருப்பி வைத்தால் பாதி ஆட்டம் அடங்கும். இது பிறகு கற்றது.

இப்போதெல்லாம் வாக்வா வானிலை நிலையத்தின் அறிக்கையில் காற்றுக்கு முன்னால் அலையைத்தான் பார்க்கிறேன். தென்மேற்கிலிருந்து நீண்ட அலை என்றால் மேற்குக் கரையின் திறந்த குடாக்களுக்குப் போவதே இல்லை.

காற்று மறைவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. இந்த நாட்டின் தலைநகரமே அதனால் அமைந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது தீவில் இரண்டு துறைகள்: தென்கிழக்கில் ஒன்று, வடமேற்கில் ஒன்று. தென்கிழக்குத் துறைக்குள் காற்று தள்ளிக்கொண்டே வந்துவிடும். வெளியே போவதுதான் பாடு. வடமேற்குத் துறை மலைக்குப் பின்னால் மறைவில் இருந்தது. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே அங்கேதான் ஊரைக் கட்டினார். அதுதான் போர்ட் லூயிஸ். கட்டிய கைகளில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கொத்தர்களும் தச்சர்களும் உண்டு.

ஆனால் மறைவு என்பது மலையால் மட்டும் வருவதில்லை. கிழக்குக் கரையில், த்ரு தோ தூஸ் பக்கம், காற்று முகத்தில் அறையும். பாய்க்கயிறெல்லாம் ஊளையிடும். ஆனால் அலை முழுவதும் வெளியே பிரிசானில், அந்தப் பவளத் திட்டில், உடைந்துவிடும். உள்ளே லகூனில், அதாவது திட்டுக்கும் கரைக்கும் நடுவில், நீர் ஓரளவு மட்டமாகவே கிடக்கும், படகும் அணியத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு ஒழுங்காக நிற்கும். காற்று சத்தம் போட்டாலும் தூக்கம் வருகிறது. அலை சத்தமில்லாமல் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காற்றைத்தான் எடுப்பேன். என் மருமகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பான்.

லகூனுக்குள் நுழைவது வேறு விஷயம். திட்டில் இருக்கும் இடைவெளிக்கு இங்கே 'பாஸ்' என்று பெயர். அதில் நுழையச் சூரியன் உயரே இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அப்போது மணல் வெளிர்நீலமாக, கடற்புல் கரும்பச்சையாக, பவளம் பழுப்பாகத் தனித்தனியே தெரியும். சூரியன் சாய்ந்தால் எல்லாம் ஒரே கண்ணாடி. 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் தென்கிழக்கு மாஹேபூர் துறைக்குள் பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கப் புகுந்தது சாயங்காலம். சிரியஸ், மஜிசியென் என்ற இரண்டு கப்பல்களும் பவளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. கடைசியில் அவற்றின் மாலுமிகளே தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். கடலிலிருந்து வடமேற்கே நுழைகிறவனுக்கு அந்த நேரத்தில் வெயில் நேரே கண்ணில் விழும். யோசித்துப் பார்த்தால், அவர்கள் காலையில் வந்திருக்கலாம். நாங்கள் எங்கே தங்கினாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் நங்கூரம் தரையில் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

சரி, ருகாய்க்கு வருவோம்.

நாய்க்கு இரவு தங்கும் இடம் என்றால் கேள்வி ஒன்றுதான்: கரைக்கு எவ்வளவு தூரம்? சாயங்காலம் ஒரு தரம், விடியற்காலை ஒரு தரம், சின்னப் படகில் துடுப்புப் போட்டு அதைக் கொண்டுபோய்விட வேண்டும். வெளிச்சம் இல்லாத நேரத்தில், தூக்கக் கலக்கத்தில். கரை மணலாக இருக்க வேண்டும். பாறை என்றால் கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கும். கல்மீன் முள் குத்தினால் மனிதனுக்கே உயிர் போகிற வலி. கரையில் அலை உடையக் கூடாது. உடைந்தால் சின்னப் படகு கவிழும், நாய் நனையும், நனைந்த நாய் படுக்கையில் ஏறும்.

இப்போது பாருங்கள். கரையில் அலை உடையாத, அருகில் மணல் உள்ள, இருட்டில் துடுப்புப் போடத் துணிகிற இடம் எது? நாங்களும் நன்றாகத் தூங்கக்கூடிய அதே இடம். தமாரினில் அன்று ருகாய் இருந்திருந்தால், கரையில் அலை உடைவதைப் பார்த்த நிமிடமே கிளம்பியிருப்போம்.

படகிலேயே நாயைப் பழக்க முடியாதா என்பார்கள். முடியும். முன்தட்டில் செயற்கைப் புல்விரிப்புத் துண்டு ஒன்றைப் போட்டு, கயிற்றால் கட்டி, அதிலேயே போகப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ருகாய் அந்த விரிப்பில் படுத்துத் தூங்குகிறது. இரண்டு வருடமாக அவ்வளவுதான் முன்னேற்றம். உப்புத் தண்ணீர் குடித்தால் வயிறு போகும் என்பதால் குடிநீர்க் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைப்போம். கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை கட்டாயம். விழுந்தால் பை மாதிரித் தூக்கிவிடலாம்.

எல்லாக் கரையிலும் நாயை இறக்க முடியாது. தடைப் பலகை இருக்கும் கடற்கரை இருக்கிறது. அங்கே வாதாடாமல் வேறு இடம் பார்ப்போம். எக்ரெத் தீவு போன்ற காப்பிடங்களை நினைத்தே பார்க்கக் கூடாது. இளஞ்சிவப்புப் புறாவும் பெரிய ஆமைகளும் அங்கே பிழைத்துக்கொண்டிருக்கின்றன. டோடோவைத் தொலைத்த நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. புளூ பே கடற்பூங்காவிலும் பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது.

எங்களுக்குப் பிடித்தது ரிவியேர் நுவார் குடா. உள்ளே தள்ளிப் போகப் போக அலை தளர்ந்துவிடும். ஆறு கொண்டுவந்த வண்டலில் நங்கூரம் நன்றாகப் புதையும். கொசு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். லெ மோர்ன் பக்கம், பெனித்தியே தீவுக்கு உள்ளே, சுற்றுலாப் படகுகள் போனபின் அமைதி. ஆனால் ஆழம் குறைவு, எங்கள் ஏரா, அதாவது படகின் அடிக்கட்டை, தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கும். நம் கடலில் ஏற்ற வற்றம் அரை மீட்டர்தான் என்றாலும் அங்கே அந்த அரை மீட்டர்தான் பாதையே. 556 மீட்டர் உயர லெ மோர்ன் மலையிலிருந்து காற்று திடீர் திடீரென்று விழும். கிராண் பேயில் நல்ல மறைவு, காலையில் சூடாக ரொட்டி வாங்கலாம், கோயிலுக்கும் போகலாம். ஆனால் சனி இரவு கரையில் பாட்டுச் சத்தம் ஓய ஒரு மணியாகும். ருகாய் அதற்குப் பதில் பாடும்.

கணக்கு வாத்தியார் ஒரு கணக்கும் சொல்லாமல் போகக் கூடாது. நீர் ஆழம் நான்கு மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் ஒரு மீட்டர். ஆக ஐந்து. சங்கிலி அதைப்போல் ஐந்து மடங்கு, 25 மீட்டர். காற்று வலுத்தால் ஏழு மடங்கு, 35. அவ்வளவு சங்கிலியில் படகு சுற்றி வர இடம் இருக்கிறதா, பக்கத்துப் படகை இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று சோதிப்பேன். கரையில் ஒரு சவுக்கு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டு விளக்கையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்வேன். ராத்திரி எழுந்து பார்த்தால் கோடு கலையாமல் இருக்க வேண்டும். படுக்குமுன் பாய்க்கயிறுகளைப் பாய்மரத்திலிருந்து விலக்கிக் கட்டுவேன். இல்லாவிட்டால் விடியும்வரை டக் டக்கென்று அடிக்கும். உச்சியில் நாலாபக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு எரிய வேண்டும், இரவில் பிரோ என்கிற சின்னப் படகில் வலை போட வரும் மீனவர்களுக்காக.

இதெல்லாம் மே முதல் அக்டோபர் வரைக்கும். புயல் மாதங்களில் முதல் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தாலே நாங்கள் துறையில், வீட்டில்.

இந்த வாரக் கடைசிக்குப் பேரன் திட்டம் போட்டு வைத்திருந்தான். காலையில் வாக்வா அறிக்கை பார்த்தேன்: தென்மேற்கு அலை, பதினான்கு வினாடி. "தாத்தா, ருகாய்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டான். இன்னும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.