முட்டத்து டீச்சரும் செல்லம்மாவின் ஃபீஸும்

[காட்சி: முட்டம் கடற்கரைப் பாறைகள். பின்னால் கலங்கரை விளக்கம். கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.]

வணக்கம் மக்களே. இந்தப் பாறைகளை நேரில் பார்க்காதவர்கள்கூட சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1981-இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தது இங்கேதான். 1986-இல் மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து 'கடலோரக் கவிதைகள்' எடுத்தார். ஊரெல்லாம் அதைக் காதல் படம் என்று சொல்லும். எனக்கு அது பள்ளிக்கூடப் படம்.

கதை தெரியும் இல்லையா? சத்யராஜ் நடித்த சின்னப்பதாஸ், ஊரே ஒதுங்கிப் போகிற முரடன். ரேகா நடித்த ஜெனிபர், டீச்சர். எழுத்தே தெரியாத தாஸ் அவளிடம் படிக்க வந்து வாண்டுகளுக்கு நடுவே உட்காருகிறான். ஆறடி ஆள். காலை எங்கே மடக்கி வைப்பது என்றே தெரியாத உடம்பு. பக்கத்தில் இருக்கிற பொடியனுக்கு 'அ' தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லை. திரையரங்கில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்க விடாதவன், முதல்முறையாக ஒருவரை அண்ணாந்து பார்க்கிற இடம் அது.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. இப்படிப்பட்ட ஊரில் எழுத்துத் தெரியாமல் இருப்பதன் வெட்கம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். என் பாட்டா 1956-க்கு முன்னால், இது திருவிதாங்கூராக இருந்தபோது, மலையாளத்தில் படித்தவர். தமிழ் எழுத்தை அப்புறம்தான் கூட்டிக்கூட்டிப் பழகினார். தாஸ் திணறுகிற காட்சி வந்தால் அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சரி, பள்ளிக்கூடப் படம் பார்க்கும்போது நான் கவனிப்பது ஒன்றுதான். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

[காட்சி: நாகர்கோவில் சாலை, காலை நேரம். பள்ளி வேன்கள், சீருடைப் பிள்ளைகள்.]

முட்டத்திலிருந்து நாகர்கோவில் பக்கம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க சினிமாவுக்கு 27 வருடம் ஆனது. 2013-இல் வந்த ராமின் 'தங்க மீன்கள்' இந்தப் பகுதியில் எடுக்கப்பட்ட படம். இதிலும் எழுத்தோடு மல்லுக்கட்டுகிற ஒரு ஆள் உண்டு. ஆனால் அவள் சின்னப் பெண், செல்லம்மா. அவளுக்கு வராதது 'அ' இல்லை. இங்கிலீஷ் எம்மும் டபிள்யூவும் குழம்புகிறது.

ஒரு தாளை எடுத்து எம் எழுதிப் பாருங்கள். அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். டபிள்யூ வந்துவிட்டதா? ஒரே பொருளை எப்படித் திருப்பினாலும் அதே பெயர்தான் என்று பழகிய பிள்ளைக்கு, எழுத்தை மட்டும் திருப்பினால் பெயர் மாறும் என்பது அநியாயமாகத்தான் படும். அவள் மண்டு என்று முடிவு கட்டுகிற வகுப்பறை இதை யோசிக்காது.

தாஸிடம் யாரும் ஃபீஸ் கேட்கவில்லை. செல்லம்மாவின் அப்பா கல்யாணியிடம் கேட்கிறார்கள். வருமானம் போதாமல் அவன் மகளை விட்டுவிட்டு கொச்சிக்கு வேலைக்குப் போகிறான். இங்கிருந்து கேரளத்துக்கு வேலைக்குப் போவது நமக்கு வாராவாரம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற காட்சி. அதனாலேயே அந்தப் பிரிவு எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. படத்துக்குத் தேசிய விருது, செல்லம்மாவாக நடித்த சாதனாவுக்கு ஒன்று, 'ஆனந்த யாழை' எழுதிய நா. முத்துக்குமாருக்கு ஒன்று. ராம் சில இடங்களில் அழுகையைக் கொஞ்சம் அதிகமாகவே பிழிகிறார் என்பது என் குறை. ஆனால் எவிட்டா மிஸ்ஸை அந்தக் குழந்தை பார்க்கிற பார்வைக்காக அதை மன்னித்துவிடலாம்.

வீரவாத்தியார் படங்கள் இன்னொரு வகை. 'நம்மவர்' 1994, 'சாட்டை' 2012, 'ராட்சசி' 2019, 'வாத்தி' 2023. புதிதாக ஒருவர் வருவார், எல்லாவற்றையும் சரி செய்வார். அவர் உட்காரவே மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். கேமராவும் அவரோடுதான் நிற்கும். விசிலடித்துப் பார்த்தவன்தான் நானும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் வருகிற ஒரு மாணவன் பெயரைச் சொல் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். 2009-இல் பாண்டிராஜ் எடுத்த 'பசங்க'வில் அப்படியில்லை. தன் பெயரோடு ஐ.ஏ.எஸ். சேர்த்துக்கொண்டு, இல்லாத பைக்கை ஓட்டிக்கொண்டு ஓடுகிற அன்புக்கரசு எல்லோருக்கும் நினைவிருப்பான்.

அப்புறம் 2024-இல் மாரி செல்வராஜின் 'வாழை'. வாழைக்குலை நமக்குப் புதிதில்லை. மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று முற்றத்திலேயே நிற்கும். அந்தப் படத்துச் சிறுவன் விடுமுறை நாளில் அதைச் சுமக்கப் போக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் லீவுக்கு ஏங்க, இவன் திங்கட்கிழமைக்கு ஏங்குகிறான். வகுப்பில் உட்கார முடிவதே அவனுக்குச் சுகம்.

[காட்சி: வெறும் வகுப்பறை. வரிசை வரிசையாக பெஞ்சுகள். கேமரா கடைசி பெஞ்சில் போய் நிற்கிறது.]

அதே 2024-இல் மலையாளத்தில் 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' வந்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால் அந்தப் பேச்சு நமக்கு வசன எழுத்து இல்லாமலே புரியும். வகுப்புத் தலைவர் தேர்தல்தான் கதை, நிற்கிறவன் கடைசி பெஞ்சுக்காரன். முடிவில் கடைசி பெஞ்சே இல்லாதபடி இருக்கைகளைச் சுவரோரமாகச் சுற்றிப் போட்டுவிடுகிறார்கள். படம் பார்த்துக் கேரளப் பள்ளிகள் சில நிஜமாகவே அப்படிச் செய்தன. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றிய உத்தரவு வந்தது. பக்கவாட்டில் இருப்பவனுக்குக் கழுத்து வலிக்காதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

என் அக்கா மகள் வகுப்பிலும் சில நாள் போட்டுப் பார்த்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முன்னாடி கடைசி பெஞ்சுல குனிஞ்சு முறுக்கு திங்கலாம் மாமா. இப்பம் எல்லாரும் எல்லாரையும் பாக்காங்க" என்றாள், ரொம்ப வருத்தத்தோடு. நடுவில் காலியாகக் கிடக்கிற இடத்தை என்ன செய்கிறீர்கள் என்றேன். அந்த வாரம் முழுக்க மழை. குடைகளை விரித்துக் காயப் போடுகிறார்களாம்.