மையக் கட்டுப்பாடு இல்லாமல் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் சென்சார்கள்

[திரையில்: ஒரு நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கும் நூறு புள்ளிகள்; அவற்றுக்கிடையே எந்தக் கோடும் இல்லை.]

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் நூறு சென்சார் கணுக்களை ஒரு பரந்த வெளியில் நிறுவிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணுவுக்கு அருகில் எது இருக்கிறது என்ற முழு வரைபடம் அவற்றில் எதனிடமும் இல்லை. அந்த வரைபடத்தை ஒரு மையக் கணினியில் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்தே உத்தரவு அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பலாம்தான், ஆனால் திரட்டுவதற்கே பேட்டரியில் பெரும்பங்கு கரைந்துவிடும் என்பதோடு, திரட்டி முடிப்பதற்குள் சில கணுக்கள் செயலிழந்து வரைபடமும் பழையதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களிடமிருந்து அறிந்ததை மட்டும் கொண்டு தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு முடிவெடுக்க வைக்கும் வழிமுறைகளே பரவலாக்கப்பட்ட அல்காரிதங்கள்.

[திரையில்: ஒரு ரேடியோ சிப், அருகில் இரண்டு எண்கள்.]

சென்சார் ஆய்வுகளில் நெடுங்காலம் பயன்பட்ட சிசி2420 என்ற ரேடியோ சிப், முழு வலிமையில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியரும், கேட்கும்போது 18.8 மில்லிஆம்பியரும் எடுத்துக்கொள்கிறது. அதாவது, எதுவும் பேசாமல் காத்திருப்பதற்கே பேசுவதைவிடச் சற்று அதிகம் செலவாகிறது! 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை வைத்து ரேடியோவை அணைக்காமலே விட்டால், அது ஆறு நாள்கூடத் தாங்காது. எனவே பெரும்பாலான கணுக்களைப் பெரும்பாலான நேரம் உறங்க வைப்பதுதான் உண்மையான சேமிப்பு. சில கணுக்கள் விழித்திருந்து மற்றவற்றின் தரவைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விழித்திருக்கும் அந்தத் தலைமைக் கணுக்கள் எவை? 2000ஆம் ஆண்டில் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் முன்வைத்த லீச் நெறிமுறை இதைச் சீட்டுக் குலுக்கல் போல முடிவுசெய்கிறது. நூற்றில் ஐந்து தலைமைகள் வேண்டுமென்றால், ஒவ்வொரு கணுவும் 0க்கும் 1க்கும் இடையில் ஒரு எண்ணைத் தற்செயலாக எடுக்கிறது. முதல் சுற்றில் அது 0.05க்குக் கீழே இருந்தால் அந்தக் கணு தலைமையேற்கிறது. நூற்றில் ஐந்து என்பதால் இருபது சுற்றுகள் ஒரு தொடராகின்றன; தலைமையேற்றவை அந்தத் தொடரில் மீண்டும் போட்டியிடுவதில்லை. மற்றவற்றுக்கான வரம்பு படிப்படியாக உயர்ந்து, பதினோராம் சுற்றில் 0.1 ஆகி, இருபதாம் சுற்றில் 1 ஆகிவிடுகிறது. அதுவரை தப்பித்தவை அப்போது கட்டாயம் பொறுப்பேற்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசாமலே சுமை இப்படிச் சமமாகப் பகிரப்படுவது அழகான ஏற்பாடு.

ஆனால் குலுக்கலுக்குக் கண் கிடையாது. நூறு கணுக்களில் ஒன்றுகூட முதல் சுற்றில் தலைமையேற்காமல் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ ஆறு. இரண்டு தலைமைகள் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிடுவதோ சாதாரணமாகவே நடக்கும். மீதமிருக்கும் மின்சாரத்தையும் லீச்சின் அடிப்படை வடிவம் பார்ப்பதில்லை. 2004இல் வந்த ஹீட் நெறிமுறை, தலைமையேற்கும் வாய்ப்பை மீதமுள்ள ஆற்றலோடு இணைத்து இதைச் சரிசெய்தது.

[திரையில்: ஒரு கணுவில் 31 என்ற எண், அதன் அண்டைக் கணுக்களில் 58, 44, 12.]

இடநெருக்கத்தைத் தவிர்க்கும் வழியோ இவற்றுக்கெல்லாம் முன்பே, 1986இல், கணினி அறிவியலாளர் மைக்கேல் லூபி முன்வைத்த அல்காரிதத்தின் வழியில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு கணுவும் ஒரு தற்செயல் எண்ணை அண்டைக் கணுக்களுக்கு அறிவிக்கிறது. தன் எண்ணே மிகச் சிறியதென்றால் தலைமையேற்கிறது, அதன் அண்டைக் கணுக்கள் போட்டியிலிருந்து விலகுகின்றன. திரையில் 31க்கு அருகில் 12 இருப்பதால் 31 பொறுத்திருக்கிறது. அந்த 12க்கு மறுபக்கம் 5 இருந்து, அது தலைமையேற்றால் 12 விலகிவிடும். 31 அடுத்த சுற்றில் புதிய எண்ணோடு வரும். கணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் தேவையான சுற்றுகள் சராசரியாக அதன் மடக்கை அளவிலேயே வளர்கின்றன. முடிவில் எந்த இரு தலைமைகளும் அண்டையில் இருப்பதில்லை. தலைமையற்ற எந்தக் கணுவும் தலைமை ஒன்றின் அண்டையில் இல்லாமல் போவதுமில்லை. அறிவிப்புகள் காற்றில் மோதிச் சிதையாமல் சேரும் என்பது காகிதத்தில் மட்டும் எளிதாக நிற்கும் அனுமானம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

[திரையில்: கணுக்களுக்கிடையே மெல்லப் பரவும் அலைகள்.]

அமைந்த ஒழுங்கைப் பராமரிக்கவும் கணுக்கள் அவ்வப்போது பேசியாக வேண்டும். டிரிக்கிள் அல்காரிதம் இதைக் கையாளும் விதம் நுட்பமானது. ஒவ்வொரு கால இடைவெளியின் இரண்டாம் பாதியில் தற்செயலாக ஒரு கணத்தைத் தேர்ந்து கணு காத்திருக்கிறது. தான் சொல்லவிருந்ததையே குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அண்டைக் கணுக்கள் அதற்குள் சொல்லிவிட்டால் வாய் திறப்பதில்லை. முரண்பாடு எதுவும் காதில் விழாதவரை ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகி, உச்ச வரம்பில் நிலைக்கிறது. தன்னிடமுள்ள செய்தியின் பழைய பதிப்பொன்றை அண்டைக் கணுவிடமிருந்து கேட்ட மறுகணமே இடைவெளி குறைந்தபட்ச அளவுக்குச் சுருங்கி, புதிய செய்தி விரைவாகப் பரவுகிறது. மின்வசதி குறைந்த கருவிகளுக்கான ஆர்பிஎல் வழித்தட நெறிமுறை, 2012இல் தரப்படுத்தப்பட்டபோது, தன் கட்டுப்பாட்டுச் செய்திகளை எப்போது அனுப்புவது என்பதை இந்த அல்காரிதத்திடமே ஒப்படைத்தது.