முட்டை கேட்டவருக்கு 'பிரெஞ்சு தெரியாது' என்று பதில்: ஆங்கிலமும் டேனிஷும்

(திரையில்: எலிப் படம் போட்ட டப்பா)

டென்மார்க் கடையில் 'ரோட்டெகிஃப்ட்' என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால், எலிக்கு யாரோ பரிசு வாங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது எலி விஷம். டேனிஷில் 'கிஃப்ட்' என்றால் விஷம். ஆங்கில கிஃப்ட்டும் இதுவும் 'கொடு' என்ற ஒரே வேரில் பிறந்தவைதான். கொடுக்கப்படும் மருந்தின் அளவைக் குறித்த சொல், அப்படியே விஷத்துக்கு நாசூக்கான பெயராகிவிட்டது. நாமும் கடையில் 'எலி மருந்து' என்றுதானே கேட்கிறோம்? அதே 'கிஃப்ட்' டேனிஷில் 'திருமணமானவர்' என்றும் பொருள்படும். அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

(திரையில்: பழைய இங்கிலாந்து வரைபடம்)

ஆங்கிலமும் டேனிஷும் ஒரே ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள், அதனால் பிறப்பிலேயே சொந்தம். போதாததற்கு, 9ஆம் நூற்றாண்டில் டேனியர்கள் படையெடுத்து வந்து இங்கிலாந்தின் வடக்கையும் கிழக்கையும் பிடித்தார்கள். 878இல் எடிங்டனில் ஆல்ஃபிரட் மன்னரிடம் தோற்ற பிறகும் அவர்கள் ஊர் திரும்பவில்லை; நிலம் உழுது, பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால்தான் ஆங்கிலத்துக்குள் போன அவர்களுடைய சொற்கள் பல வீடு, வாசல், அடுப்படி சார்ந்தவை.

'எக்' அப்படிப்பட்டது. டேனிஷில் இன்றும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஆனால் தென் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முட்டைகளை 'எய்ரன்' என்றே சொல்லிவந்தார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சக்காரர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். காற்றில்லாமல் தேம்ஸில் கப்பல் நின்றுவிட, வணிகர்கள் கரையேறுகிறார்கள். ஷெஃபீல்ட் என்ற ஜவுளி வணிகர் ஒரு வீட்டில் 'எக்ஸ்' கேட்கிறார். வீட்டுக்கார அம்மா, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறார். இவருக்கோ கோபம், ஏனென்றால் இவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் இன்னொருவர் 'எய்ரன்' என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அன்று புரியாமல் போன சொல்தான் பின்னால் ஜெயித்தது.

(திரையில்: மரச் சட்டமிட்ட ஜன்னல்)

'விண்டோ' எனக்குப் பிடித்த சொல். அந்த டேனியர்கள் அன்று பேசிய பழைய நார்ஸ் மொழியில் அது 'காற்றின் கண்'. டேனிஷில் இன்று 'வின்டுவெ'. பக்கத்து ஜெர்மன்காரர்கள் லத்தீனிடம் கடன் வாங்கி 'ஃபென்ஸ்டர்' என்றார்கள். பழந்தமிழில் ஜன்னல் 'காலதர்': கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நாம்தான் அதை விட்டுவிட்டுப் போர்ச்சுகீசிய ஜன்னலை மாட்டிக்கொண்டோம்.

அப்புறம் 'ஹஸ்பண்ட்'. வீட்டை உடையவர் என்பதுதான் பழைய பொருள், மனைவிக்கு அதில் இடமே இல்லை.

டேனிஷில் 'பி-ஒய்' என்று இரண்டே எழுத்தில் எழுதும் சொல்லுக்கு ஊர், நகரம் என்று பொருள். கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி எல்லாம் அந்த வாலோடு நிற்கும் ஆங்கில ஊர்கள். டெர்பி என்றால் மான் ஊர். மானைக் குறிக்கும் ஆங்கில 'டியர்' இருக்கிறதே, அதன் டேனிஷ் சொந்தக்காரச் சொல் எந்த விலங்கையும் குறிக்கும். உங்கள் குடியிருப்போர் சங்க 'பைலா'வின் முதல் பாதியும் இதே ஊர்தான்; 'லா'வும் அங்கிருந்து வந்ததே.

கடைசியாக, 'திங்'. இன்று பொருள் என்கிறோம். அன்று அது ஊர் கூடிப் பேசும் சபை. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. டென்மார்க்கிலோ 179 உறுப்பினர்கள் உட்காரும் நாடாளுமன்றத்தின் பெயரே 'ஃபோல்கெடிங்', மக்கள் சபை.