இருந்தவனே குதிக்கட்டும்

நடுவர் அவர்களே, பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

வேற்றிடத்திலிருந்து வந்தவரைக் காதலித்தால், படம் முடியும்போது ஊர் மாற வேண்டியவர் வந்தவரா, இருந்தவரா? இதுதான் தலைப்பு. இருந்தவரே என்கிறது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்றார். ‘ஸ்பிளாஷ்’ படத்தின் முடிவு பொறுப்பில்லாத முடிவு என்றும் சொன்னார். சரி, அந்தப் படத்தையே பார்ப்போம்.

1984-இல் ரான் ஹோவர்ட் இயக்கிய படம். நியூயார்க்கில் காய்கறி, பழ மொத்த வியாபாரம் செய்யும் ஆலனாக டாம் ஹாங்க்ஸ். அவனைத் தேடி வரும் கடற்கன்னியாக டேரில் ஹன்னா. கரையில் அவளுக்குக் கால். ஈரம் பட்டால் வால்.

அவள் ஒத்துப் போகவில்லையா? டிவி பார்த்தே ஆங்கிலம் படிக்கிறாள். தன் பெயரைத் தன் மொழியில் சொன்னதும் கடையிலிருந்த டிவி கண்ணாடியெல்லாம் வெடிக்கிறது. அப்புறம் ஒரு தெருவின் பெயரான மேடிசன்தான் அவள் பெயர்.

குளியலறைக் காட்சிக்கு வருவோம். கதவைத் தாழிட்டு, தொட்டியில் உப்பைக் கொட்டி, வாலை நீட்டிப் படுக்கிறாள். என்ன நிம்மதி அந்த முகத்தில்! ஆலன் கதவைத் தட்டுகிறான். பதறிப்போய் வெளியே விழுந்து, வாலைத் துடைத்துத் துடைத்துக் காயவைக்கிறாள். அவன் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது கால்கள் வந்துவிட்டன. காதலன் வீட்டில் அவள் அவளாக இருக்க ஒரு குளியல்தொட்டி மட்டும்தான், அதுவும் தாழிட்டால்தான். இதற்குப் பெயர் ஒத்து வாழ்வதா, ஐயா?

கூடப்பிறந்தவனை அம்போவென்று விட்டுவிட்டு ஆலன் ஓடினான் என்றார்கள். இல்லை. மேடிசனை அரசாங்கம் பிடித்து ஆய்வுக்கூடத்தில் அடைத்தபோது, அந்த அண்ணன் ஃபிரெடிதான் ஆலனுக்குப் பதிலாகத் தான் பிடிபடுகிறேன் என்று பின்தங்கி, இருவரையும் தப்பவிடுகிறான். கடைசியில் துறைமுகம். பின்னால் ராணுவம். ‘என்னோடு வந்தால் நீருக்குள் பிழைப்பாய், ஆனால் திரும்ப முடியாது’ என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். ஆலனுக்கு நீச்சல் தெரியாது. நம்ம பெர்ரித் துறையில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். குதித்தான்!

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, இதே பினாங்கில் இறங்கிய பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. கணவன் இருக்கும் தோட்டமே இனி உன் ஊர் என்றுதான் அவர்களிடம் சொன்னார்கள். தாய்வீட்டை மறுபடி பார்க்காமலே கண்மூடியவர்கள் எத்தனை பேர்! வந்தவள்தான் எல்லாவற்றையும் விட வேண்டும் என்ற வழக்கத்தை, ஒரு சிரிப்புப் படம் கடைசிச் சில நிமிடங்களில் திருப்பிப் போட்டது. அது பொறுப்பில்லாத முடிவு என்றால் என்னால் ஏற்க முடியாது.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மையாரிடம் ஒரு கேள்வி. கரையில் நின்றால் மேடிசனுக்கு மறுபடியும் ஆய்வுக்கூடம்தான். அவளை எங்கே இருக்கச் சொல்கிறீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.