எதனோல் கலந்த பெற்றோலும் நம் வண்டியின் டியூனிங்கும்

[காட்சி: காலை நேரத்தில் கல்லடிப் பாலம்; மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் கடந்து செல்கின்றன.]

வணக்கம். அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குராணையில் கரும்பிலிருந்து சீனி எடுத்த பின் மிஞ்சும் பாகை நொதிக்க வைத்து வடித்தால் எதனோல் என்னும் மதுசாரம் கிடைக்கிறது. இந்தியாவில் எதனோலைப் பெற்றோலில் 20 வீதம் வரை கலந்து விற்கிறார்கள். அத்தகைய எரிபொருளை நம் வண்டிகளில் ஊற்றினால் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும், டியூனிங்கில் எதை மாற்ற வேண்டும் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

எதனோல் கலந்தால் வண்டியின் இழுவை போய்விடும் என்று கராஜ்களில் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் சக்தியும் ஒரு லீற்றர் எதனோலில் சுமார் 21 மெகாயூல் சக்தியும் இருப்பதால், 20 வீதக் கலவையில் லீற்றருக்கு 6 அல்லது 7 வீதம் சக்தி குறைகிறது. 50 கிலோமீற்றர் ஓடிய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 47 கிலோமீற்றர்தான் ஓடும். மைலேஜில் ஏற்படும் இந்த இழப்பை டியூனிங்கால் முழுமையாக மீட்க முடியாது. ஆனால் இழுவையின் கணக்கு வேறு. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைப் பொறுத்தே இழுவை அமைகிறது. ஒரு கிலோ காற்றைச் சரியான அளவு பெற்றோலுடன் எரித்தாலும் சரியான அளவு எதனோலுடன் எரித்தாலும் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். எனவே இழுவை தெளிவாகக் குறைந்தால், காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம் பிசகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

[காட்சி: கழற்றி வைத்த காபரேட்டரும், விரல் நுனியில் ஒரு மெயின் ஜெட்டும்.]

பெற்றோல் 1 கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டுள்ள எதனோலுக்கு 9 கிலோ போதும். 10 வீதக் கலவைக்கு இது 14.1 அளவிலும், 20 வீதக் கலவைக்கு 13.5 அளவிலும் வரும். காற்றுடன் எரிபொருளைக் கலந்து கொடுக்கும் காபரேட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது பழைய அளவிலேயே எரிபொருளை விடுவதால் காற்றுக்கு எரிபொருள் போதாமல், காற்று-எரிபொருள் கலவை 4 முதல் 8 வீதம் வரை மெலிந்துவிடுகிறது. திரொட்டிலைத் திறந்தவுடன் இயந்திரம் தயங்குவதும், விடும்போது சைலன்சரில் வெடிப்பதும், பிளக்கின் பீங்கான் வெளுத்துப்போவதும் இதனால்தான். பரிகாரம், எரிபொருள் வரும் சிறு துளையுள்ள மெயின் ஜெட்டில் இருக்கிறது. துளையின் பரப்பே ஓட்டத்தைத் தீர்மானிப்பதால், 1.00 மில்லிமீற்றர் துளையை 10 வீதக் கலவைக்கு 1.02 ஆகவும் 20 வீதக் கலவைக்கு 1.04 ஆகவும் மாற்றினால் போதும். கம்பியால் துளையைக் குடைந்து பெரிதாக்குவது மிகத் தவறான வேலை, ஜெட்டையே மாற்றுங்கள்.

காபரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரால் எரிபொருளைத் தெளிக்கும் ஈ.எஃப்.ஐ. வண்டிகளில், ஒட்சிசன் சென்சர் காற்று-எரிபொருள் கலவையை அளந்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைத் தானே திருத்திவிடும். முழுத் திரொட்டிலில் மட்டும் பல வண்டிகள் சென்சரைக் கவனிக்காமல், நினைவிலுள்ள அட்டவணைப்படி ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

எரிபொருள் தானாக வெடித்துத் தட்டும் நொக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஒக்டேன் எண் எதனோலுக்குச் சுமார் 108. ஆவியாகும்போது உள்ளே வரும் கலவையையும் நன்கு குளிர்விக்கிறது. நொக்கிங் குறைவதால் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே கொடுக்க இடமுண்டு. நொக் சென்சர் உள்ள கார்கள் இந்த நன்மையைத் தாமாகவே பெறலாம். தீப்பொறி நேரம் நிலையாக அமைந்த பழைய மோட்டார் சைக்கிளுக்கு அது கிடைப்பதில்லை.

[காட்சி: வாவிக் கரையில், மழையில் நனையும் வள்ளமும் அதன் இயந்திரமும்.]

மட்டக்களப்பில் எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீர்தான். எதனோல் தண்ணீரைத் தன்னுடன் இழுத்து வைத்துக்கொள்ளும். 10 வீதக் கலவையில் ஏறத்தாழ 0.5 வீதம் வரை தண்ணீர் கரைந்து நிற்கும். 10 லீற்றர் டாங்கியில் அது வெறும் 50 மில்லிலீற்றர். மாரி மழை மூடி வழியே கசிந்து அந்த எல்லையைத் தாண்டினால், எதனோலும் தண்ணீரும் ஒன்றாகப் பெற்றோலிலிருந்து பிரிந்து, குழாய் எரிபொருள் எடுக்கும் அடிப்பகுதியிலேயே தங்கிவிடும். அதை உறிஞ்சிய இயந்திரம் நின்றுபோகும். காபரேட்டர் கிண்ணம் அரிக்கப்படும். எதனோலுக்கு ஏற்றதல்லாத பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப்போகும். ஆகவே வாரக்கணக்கில் ஓடாத வள்ள இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

பெற்றோலில் எதனோல் கலந்துள்ளதா என்று அறிய, நெருப்பு இல்லாத திறந்த வெளியில், அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் தண்ணீரும் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் ஊற்றிக் குலுக்கிச் சில நிமிடம் வையுங்கள். அடியிலுள்ள தண்ணீர்ப் படை 10இலேயே நின்றால் அது எதனோல் இல்லாத பெற்றோல். 19க்கு அருகில் ஏறினால் அது 10 வீதக் கலவை.