33ஆம் பிரிவும் லயத்து முகவரியும்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு கடித உறையிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பில் இருப்பவருக்கு எழுதினால் வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று எழுதுகிறோம். தபால்காரர் வாசலுக்கு வருகிறார். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், இருப்பவருக்கோ பெயர், டிவிசன் என்னும் தோட்டப் பிரிவு, தோட்டம், தபாற்கந்தோர். அவ்வளவுதான். பல தோட்டங்களில் அந்தக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையில், எந்தக் கிழமை வீடு சேரும் என்று சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் மலையகத்தில் உண்டு. அரசாங்கம் தோட்டத்து எல்லையோடு நின்றுபோனதற்கு அந்த உறையே சாட்சி. ஏன் நின்றது, உள்ளூராட்சிச் சபைகளுக்கான சட்டத்தின் 33ஆம் பிரிவுக்கு அதில் என்ன பங்கு, அரசாங்கத்தை உள்ளே எப்படி அழைத்து வருவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் மண்ணைப் பார்ப்போம். 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகாலை வரை எழும் இந்த மலைதான் இலங்கையின் தண்ணீர்த் தொட்டி. சிங்கமலை ரயில் சுரங்கப் பாதைக்கு மேலே உள்ள முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் பக்கம் விழும் மழை டிக்கோயா வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக் கடலுக்குப் போகிறது. கொட்டகலைப் பக்கம் விழுவது கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, மேல் கொத்மலை என்று தேக்கி நாட்டுக்கே மின்சாரம் எடுக்கிறோம். தாழ்நில வயலும் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அதே மலையில் ஊற்று நீர் விழும் பீலியடியில் குடத்தோடு காத்திருக்கிறார்கள் நம் பெண்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவை நனைக்கும். மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இருக்காது, கச்சான் என்னும் வறண்ட காற்றாக வீசும். செடி மெல்லத் துளிர்க்கும், கொழுந்தில் மணம் செறியும். பதுளை, பண்டாரவளைத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை பேர் வருவது இதனால்தான். டிம்புள்ளைப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தரம் கூடும் மாதங்களில் மலையில் கிலோ குறையும். ஏல விற்பனையில் விலை ஏறலாம். ஆனால் கொழுந்து எடுப்பவருக்கு, அதை நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசுதான் கணக்கு. நிர்ணயித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்தால்தான் ஒரு கிலோ தூள். படங்குச் சாக்கில் அமுக்கிக் கட்டினாலோ, மடுவத்தில் நெடுநேரம் குவித்து வைத்தாலோ கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அந்தக் கெடுதலுக்கு எடுத்தவர் காரணமில்லை, லொறி நேரத்துக்கு வராததே காரணம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. அவ்வருடம் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, மறுவருடம் ஏறத்தாழ 250 மில்லியனாக இறங்கியது. உரம் போடாத மலையிலும் கிலோ கேட்டார்கள்.

இனி மக்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேர் பின்னால் வந்த பேச்சுக்கு. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஆட்கள் பிரசைகளானார்கள், குடியிருக்கும் லயத்து அறையான காம்பரா தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. நிலம் இன்றும் பெரும்பாலும் அரசினுடையதே; கம்பெனி குத்தகைக்காரர். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் காசு தோட்டக் குடியிருப்புக்குள் போகத் தடையாக நின்றது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பினோம். லயத்துப் பாதைக்கு ஒரு டிரக்டர் கல் கொட்ட அவரால் முடியவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து, பாதையும் கிணறும் பொது வசதிகளும் சபை செய்து கொடுக்கலாம். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு சபைகள், அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சேர்ந்து ஆறாகின.

சட்டம் திருந்தியும் வேலை ஏன் நடக்கவில்லை? பாதிக் கோரிக்கைகள் தவறான மேசைக்குப் போகின்றன. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர், அனர்த்த நிவாரணம் எல்லாம் செயலகப் பக்கம். உள்ளூர்ப் பாதை, தெருவிளக்கு, குப்பை சபைப் பக்கம். பாதையிலும் பிரிவு உண்டு: ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகை மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளதைத்தான் சபையிடம் கேட்க வேண்டும்.

கடிதத்தில் “எங்கள் பாதை மோசம்” என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், அகலம் என்ன, எத்தனை குடும்பம், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று எழுதுங்கள். மழைத் தண்ணீர் எந்த வளைவில் பாதையை அறுக்கிறது என்பதையும் சேருங்கள். வடிகாலான கான் வெட்டாமல் கொங்கிரீட் போட்டால் அடுத்த மாரியில் அடிமண் கரைந்து பலகைபோல் உடைந்துவிடும். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கி இணையுங்கள். அது இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே தூங்கும். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேறுவதால், ஆகஸ்டிலேயே கையளியுங்கள்; பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, “தோட்டப் பிரிவுகளுக்கு இவ்வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்?” என்று கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

முகவரிக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. தரையில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று தெரிந்தால் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த இரவில் யார் யாரை எழுப்புவது? ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம் போட்டு, உள்ளே யார் யார், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை எங்கே என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். மூன்று பிரதி: ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று சபைக்கு, ஒன்று தபாற்கந்தோருக்கு.