நாற்காலியைப் பிடித்து எழுவது

வணக்கம். மேடை நடுவில் இருக்கும் இந்த மர நாற்காலியை எனக்கு உட்காரப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டிலிருந்து டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சமூக மன்றத்துத் தம்பி ஒருவர் இதை இரண்டு முறை ஓரமாக எடுத்து வைத்தார், இரண்டு முறையும் நான் திரும்ப இழுத்துப் போட்டேன்.

என் கதையைச் சொல்லச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கப்பல் சரக்கு கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன், முதுகுவலி வந்தது, பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி தைச்சி என்ற சீன உடற்பயிற்சிக்குக் கூப்பிட்டார், அம்மா யோகாவுக்குப் போ என்றார், அம்மா பேச்சைக் கேட்டேன். வலி குறைந்தது, ஆசை கூடியது, வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஓரிடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே சிரசாசனத்தில் ஐந்து நிமிடம் நிற்பவர்தான் ஆள். நானும் நின்றேன். ஒருநாள் கழுத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது, சொன்னேன், "பயத்தை விடுங்கள்" என்றார்கள். பயத்தை விட்டேன். அப்புறம் இரண்டு மாதம் சாலையைக் கடக்கும்போது முழு உடம்பையும் திருப்பித்தான் வண்டி வருகிறதா என்று பார்த்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இங்கே சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து அங் மோ கியோவில் புளோக்கின் கீழ்த்தளத்தில் வகுப்பு ஆரம்பித்த நானும் அதையேதான் செய்தேன். குனி, கால் விரலைத் தொடு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

இரண்டாவது வாரம் ஓர் அங்கிள் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூணை ஒட்டியே நின்றார். பாயில் உட்காருங்கள் அங்கிள் என்றேன். "உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது லா" என்றார். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது மெதுவாகச் சொன்னார்: குளியலறைக்கு வெளியே வழுக்கி உட்கார்ந்தவர், அடி ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் எழ முடியாமல் மகள் வேலை முடிந்து வரும்வரை தரையிலேயே இருந்திருக்கிறார். "எழுந்திரிக்க ஏதும் ஆசனம் இருக்கா, டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. சிரசாசனம் இருந்தது, மயூராசனம் இருந்தது, இது இல்லை.

அன்றிரவு பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட இருநூறு சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறார், ஓர் ஆசனத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் துள்ளுகிற வயதுப் பையன்களுக்குத் துள்ளலாகச் சொல்லிக்கொடுத்தார், உலகம் அதைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டது. பின்னாளில் சென்னையில் அதே மனிதர் ஆளுக்கு ஏற்ற மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்பித்தார். அவருடைய மாணவர், புனேவில் இருந்த ஐயங்கார், மடக்கு நாற்காலி, கயிறு, கட்டை எல்லாம் வைத்துக் கற்பித்தவர். நாற்காலி யோகா என்றால் கிழவர்களுக்கான சலுகை என்று சிரிக்கிற இளைஞர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். விழுந்தவுடன் எழப் பார்க்காதீர்கள், கொஞ்சம் மூச்சு விடுங்கள், எங்காவது கடுமையாக வலித்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள். வலி இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, அப்புறம் கைகளும் முழங்கால்களும் தரையில் இருக்கும்படி வாருங்கள். அப்படியே நாற்காலிவரை தவழுங்கள். இரண்டு கையும் இருக்கைமேல். பலமான கால் எதுவோ அதன் பாதத்தை முன்னால் ஊன்றி, கையால் அழுத்தி எழுந்து, மெதுவாகத் திரும்பி உட்காருங்கள். நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும், டாக்சிச் செலவு அதற்குத்தான்.

இப்போது என் வகுப்பில் முதல் நாள் பாடம் இது. தொடுவதற்குமுன் ஆளைக் கேட்பேன்: ரத்த அழுத்தமா, கண்ணில் கிளாக்கோமாவா, முட்டி எப்படி? கிளாக்கோமா உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தக்காரரை மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லை, சூடான தே தாரிக் டீயை ஊதுவதுபோல மூச்சை நீளமாக விடச் சொல்வேன். இதனால் "இது யோகாவா, பிசியோவா?" என்று கேட்டுவிட்டு நாலு பேர் நின்றுவிட்டார்கள். போகட்டும்.

அந்த அங்கிள் நாலு மாதம் இதை ஒன்றையே செய்தார், வேறெதையும் தொடவில்லை. ஒருநாள் இரவு பதினொன்றரைக்குப் போன். "டீச்சர், மறுபடி விழுந்துட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்றேன். "நாற்காலியிலதான். எந்தக் காலை முன்னாடி வைக்கணும்னு மறந்துபோச்சு, அதைக் கேட்கத்தான் போன் பண்ணேன்."

முன்வரிசையில் யாராவது ஒருவர் மேலே வாருங்கள். வெட்கப்படாமல் தரையில் உட்காருங்கள், எழுப்பிவிட நான் இருக்கிறேன்.